கறுப்பு மை ஒன்றுதான், சாம்பல் நிழல் எப்படி வந்தது?

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக், விவிலியத்தில் பெருந்துன்பம் அனுபவிக்கும் யோபின் கதைக்குச் செதுக்கிய படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அச்சடித்தது கறுப்பு மையில் மட்டும். அப்படியானால் இத்தனை சாம்பல் நிழல்கள் எப்படி?"

1826இல் லண்டனில் வெளியான தொகுப்பு அது. ஓவியர் ஜான் லினெல் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னார். தலைப்புப் பக்கத்தோடு 22 செப்புத் தகடுகள். ஆறாவது படத்தில் சாத்தான் யோபின் உடல்மேல் ஏறி நின்று குப்பியிலிருந்து நோயைக் கொட்டுகிறான். "உள்ளங்கால் தொடங்கி உச்சந்தலைமட்டும்" கொடிய பருக்கள். மனைவி காலடியில் முகம் புதைத்து அழுகிறாள்.

அக்காலச் செதுக்கர்கள் பலர் முதலில் அமிலத்தால் கோடுகளை அரித்துவிட்டு, பிறகுதான் உளியை எடுப்பார்கள். பிளேக் இங்கே பெரும்பாலும் உளியையே நம்பினார். உளியின் முனை சாய்சதுரம். உள்ளங்கையால் தள்ளினால், ஏர் உழுத சால்போல் செம்பில் ஆங்கில 'வி' வடிவப் பள்ளம் விழும். அழுத்தம் கூடினால் பள்ளம் ஆழமாகும். ஆழத்தோடு அகலமும் கூடும். தகடு முழுக்க மை பூசித் துடைக்கும்போது துணி மேற்பரப்பை மட்டும் துடைத்துச் செல்லும், கெட்டியான மை பள்ளத்தில் தங்கிவிடும். அதன்மேல் ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவார்கள். நீர் புகுந்த செல்லுலோஸ் இழைகள் இளகியிருப்பதால் காகிதம் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி மையை எடுத்துவரும். ஆழமான, நெருக்கமான கோடுகள் இருளாகத் தெரியும். மெல்லிய கோடுகளுக்கு நடுவே காகிதத்தின் வெண்மை மிஞ்சினால் கண் அதைச் சாம்பலாகப் படிக்கும். யோபின் விலாவில் விழும் நிழல் இப்படிப் பிறந்ததுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தகட்டின் முதுகு. தவறாக விழுந்த கோட்டைச் சுரண்டி எடுத்தால் அங்கே குழி உண்டாகும். கவைமுள் என்ற இரு கால் கொண்ட கருவியால் அந்த இடத்தைப் பின்புறத்தில் குறித்து, சுத்தியலால் தட்டிச் செம்பை மேலே எழுப்பி, தேய்த்துச் சமப்படுத்தி, மீண்டும் செதுக்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள யோபு தகடுகளின் பின்புறத்தில் அந்தச் சுத்தியல் தடங்கள் இருக்கின்றன.

பிளேக் தரிசனங்கள் கண்டவர் என்பதால், இப்படங்கள் ஒரே மூச்சில் அருளால் இறங்கின என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1772இல் ஜேம்ஸ் பசையர் (Basire) என்ற செதுக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்த கை, அறுபது வயதைக் கடந்தும் கோட்டை அழித்துத் திரும்ப வெட்டியிருக்கிறது. அருங்காட்சியகங்கள் அச்சுப் படங்களோடு தகடுகளின் முதுகையும் படமெடுத்து எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். அதற்குச் செலவிடும் பணம் வீணாகாது.