ஜன்னல் உறைகிறது, பாட்டு ஓடுகிறது

வீட்டுக் கணினியில் பாட்டுச் செயலி உறைந்துபோனால் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டே காரியம். மவுஸை ஓங்கி ஓங்கி அழுத்துவார்கள். அது பலிக்காவிட்டால் கணினியையே அணைத்துவிடுவார்கள். அதற்கு முன் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நல்லது. ஜன்னல் உறைந்த பிறகும் பாட்டு ஓடுகிறதா? அதோடு சேர்ந்து நின்றுவிட்டதா? அல்லது 'டர்ர்ர்' என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கிறதா? மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். பழுது இருக்கும் இடத்தைத் திரையைவிட ஸ்பீக்கர்தான் சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸில் ஜன்னல் வைத்திருக்கும் செயலிக்கென்று ஒரு செய்தி வரிசை உண்டு. நீங்கள் கிளிக் செய்தது, விசையை அழுத்தியது, ஜன்னலை நகர்த்தியது எல்லாம் அதில் வந்து சேரும். செயலிக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் தனித்தனி இழைகளாக ஓடும். அவற்றில் முதன்மை இழையின் பொறுப்பு, அந்த வரிசையில் உள்ளதை எடுத்துப் பார்த்து ஆவன செய்வது. அது 5 விநாடி வரிசைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்றால், செயலி பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். உண்மையான ஜன்னலை மறைத்துவிட்டு, அதே தோற்றத்தில் வெளிறிய நகல் ஒன்றை வைக்கும். அதை நகர்த்தலாம், மூடலாம், அவ்வளவுதான். ஆக, நாம் 'செத்துவிட்டது' என்று நினைக்கும் செயலி பல நேரம் உயிரோடுதான் இருக்கிறது. வேறு எதிலோ சிக்கிக் கிடக்கிறது. பொறுமையிழந்து 'அடுத்த பாட்டு' பொத்தானை ஆறு முறை அழுத்தியிருந்தால், அந்த அழுத்தல்களும் வரிசையில் காத்திருந்து, உறைவு நீங்கியதும் ஆறு பாட்டுகளைத் தாண்டி ஓடும்.

ஒலிக்கு இந்தத் தாமதமெல்லாம் ஆகாது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடி இசை என்பது இடது, வலது என்று ஒவ்வொரு தடத்துக்கும் 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள். இரண்டு தடம், மாதிரிக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் விநாடிக்கு 1,76,400 பைட். விண்டோஸின் ஒலிப் பகுதி வழக்கமாக 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 'அடுத்த துண்டைக் கொடு' என்று கேட்கும். கொடுக்கத் தவறினால் பாட்டில் ஓட்டை விழும். அதனால்தான் பாட்டை அவிழ்த்துத் தரும் வேலையைத் தனி இழையிடம் ஒப்படைத்து, கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் நிரப்பி வைக்கிறார்கள். மாடித் தொட்டியைப் போலத்தான்: மோட்டார் நின்றாலும் தொட்டி வற்றும்வரை குழாயில் தண்ணீர் வரும்.

முதல் வகைக்கு வருவோம். ஜன்னல் வெளிறிவிட்டது, பாட்டு மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. ஒலி இழை நலம். சவுண்ட் கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் நலம். முதன்மை இழைதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எட்டு தருக்கக் கருக்கள் (ஒரே சமயத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கொண்ட பிராசசரில் செயலி 12, 13 சதவீதத்திலேயே அசையாமல் நின்றால் அதைச் சின்ன எண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது ஒரு கரு முழுவதையும் அது தின்றுகொண்டிருக்கிறது. எதையோ முடிவில்லாமல் அலசுகிறது என்று பொருள்.

அலசுவது பெரும்பாலும் உங்கள் பாட்டுத் தொகுப்பைத்தான். எம்பி3 கோப்பின் தலைப்பகுதியில் பாட்டின் பெயர், பாடியவர், படம் முதலிய விவரங்கள் ஐடி3 என்ற ஒட்டில் இருக்கும். (கண்ட இடத்திலிருந்து இறக்கிய தமிழ்ப் பாட்டுகளில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணையதள விளம்பரம் இருப்பதும் இதே ஒட்டில்தான்.) முதல் பத்து பைட்டுகள் அதன் முகப்பு. 'ஐடி3' என்ற மூன்று எழுத்து, பதிப்பு எண்ணுக்கு இரண்டு பைட், கொடிகள் எனப்படும் அமைப்புக் குறிப்புகளுக்கு ஒன்று, கடைசி நான்கு பைட்டில் 'இந்த ஒட்டு இவ்வளவு நீளம்' என்ற அளவு. அந்த நான்கிலும் பைட்டுக்கு 7 பிட்தான் பயன்படும். ஆகவே அதிகபட்சம் 256 மெகாபைட் வரை எழுதலாம். கோப்பு பாதியில் அறுந்தோ சிதைந்தோ அந்த எண் கெட்டுப்போனால், 4 மெகாபைட் பாட்டு '200 மெகாபைட் ஒட்டு' என்று சொல்லிக்கொண்டு நிற்கும். நன்றாக எழுதப்பட்ட செயலி கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கி எறியும். மெத்தனமாக எழுதப்பட்டது நம்பிவிடும்; இல்லாத தரவைத் தேடிக்கொண்டே இருக்கும்.

படங்களும் லேசுப்பட்டவை அல்ல. நீளமும் அகலமும் 3,000 புள்ளி கொண்ட ஆல்பம் அட்டை, கோப்பில் ஒன்றிரண்டு மெகாபைட்தான் இருக்கும். திரையில் காட்ட விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 36 மெகாபைட் நினைவகம் கேட்கும். அப்படி நூறு அட்டைகளைக் கட்டம் கட்டமாக வரிசையாகக் காட்டச் சொன்னால் செயலி திணறுவதில் வியப்பில்லை. பட்டியல் தோற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

குற்றவாளிக் கோப்பு ஒன்றுதான் என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டாம். தொகுப்பில் பாதியைச் செயலி தேடாத இடத்துக்கு நகர்த்துங்கள். உறைவு தொடர்ந்தால் கோளாறு மிச்சப் பாதியில் இருக்கிறது. நின்றால் நகர்த்திய பாதியில். பிறகு அதிலும் பாதி. 4,096 பாட்டுகள் இருந்தாலும் பன்னிரண்டு சுற்றில் ஒரே கோப்பில் வந்து நிற்கும். எந்தக் கோப்பும் சிக்காவிட்டால், செயலி சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளம் கெட்டிருக்கலாம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் பகிர்வுச் சேவையை நிறுத்திவிட்டு, பயனர் கோப்புறைக்குள் உள்ள அதன் தரவுத்தளத்தை அழித்தால், அடுத்த முறை திறக்கும்போது புதிதாக எழுதிக்கொள்ளும். பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது; எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு போய்விடலாம். வேலைக்கு நடுவே செயலியை வலுக்கட்டாயமாக மூடுவதும், கணினியைத் திடீரென அணைப்பதும் இந்தத் தரவுத்தளம் கெடுவதற்கு வழிவகுக்கும்.

முதல் முறை தொகுப்பைச் சேர்க்கும்போது உறைவதுபோல் தெரிந்தால் காத்திருப்பதே மருந்து. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிப் படிக்கப் பத்துப் பதினைந்து மில்லிவிநாடி ஆகும். நாலாயிரம் கோப்பு, கோப்புக்கு நாலு தாவல் என்றாலே இரண்டரை முதல் நாலு நிமிடம் வரை போய்விடும். ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால் இன்னும் கூடும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் தாவ வேண்டிய முனையே இல்லை.

இரண்டாவது வகை கவலைக்குரியது. ஜன்னல் உறைந்து, ஓரிரு கணத்தில் பாட்டும் நின்றுவிடுகிறது. தொட்டி வற்றிவிட்டது, தரவே வந்து சேரவில்லை. இங்கே பிராசசர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் நூறு சதவீதம் காட்டும். சில நேரம் காரணம் அற்பமானது. வெளி ஹார்டு டிஸ்க் தூங்கியிருக்கும். எழுந்து முழு வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். மின்சக்தி அமைப்பில் தூங்கும் நேரத்தை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் குறிப்பிட்ட பாட்டில், குறிப்பிட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் நிற்கிறது என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்க வாய்ப்பு அதிகம். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் தானே மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். அதுவரை செயலி கைகட்டி நிற்கும். விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் பதிந்து காட்டும் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரின் கீழ் 7 அல்லது 153 என்ற எண் அடிக்கடி தென்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. உடனே வேறு டிஸ்க்குக்குப் பாட்டுகளையும் குடும்பப் படங்களையும் நகலெடுத்துவிடுங்கள். பழுதுபார்க்கும் கட்டளைகளை அதற்குப் பிறகுதான் ஓட்ட வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் மிச்சமிருப்பதும் போய்விடக்கூடும்.

மூன்றாவது, அந்த 'டர்ர்ர்'. ஒலி வன்பொருள் தன் பஃபரை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. புதுத் தரவை எழுத யாரும் வராவிட்டால் பழைய துணுக்கையே மறுபடி படிக்கும். மவுஸ் அம்பும் அசையாமல் நின்றிருந்தால் பாட்டுச் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. கணினி முழுவதும் திணறுகிறது. டிரைவர்களின் அவசர வேலைகளுக்கு எல்லாச் செயலிகளையும்விட முன்னுரிமை உண்டு. மோசமான வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்று பிராசசரைப் பிடித்துக்கொண்டு விடாமலிருந்தால் ஒலிக்கு முறை வராது. வைஃபையை அணைத்துவிட்டு அதே பாட்டை ஓட்டிப் பாருங்கள். லேட்டன்சிமான் என்ற கருவி, எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தது என்பதைப் பெயரோடு காட்டும். அதில் யாரும் சிக்காமல், கணினியும் அடிக்கடி இப்படி நின்றுபோனால், விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையை ஓர் இரவு ஓட விட்டு, காலையில் முடிவைப் பாருங்கள்.