இம்போர்ட்டில் முதல் எரரைத் தேடுங்கள்

ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் டேட்டாவைப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும் புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "இம்போர்ட் முடிஞ்சிருச்சு சார். ஆனா ரசீது டேபிள் காலியா இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. இரண்டு மணி நேரமாக அந்த டேபிளையே குடைந்துகொண்டிருந்தாராம். திரையில் கடைசியாகத் தெரிந்த எரர் அதைப் பற்றியது, பாவம்.

லாக்கை, அதாவது ஓட்டத்தின்போது வந்த செய்திகளின் பதிவை, மேலே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ரசீதுக்கு முன்னால் பில் டேபிள் விழுந்திருந்தது. அதற்கும் முன்னால் வாடிக்கையாளர் டேபிள். காப்பி கட்டளை (டேட்டாவை மொத்தமாக டேபிளில் ஏற்றுவது), 17-வது வரி, பெயர் நெடுவரிசை, மதிப்பு நீளம் அதிகம் என்று எரர் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்த வரியில் இருந்த பெயர் கிருஷ்ணமூர்த்தி.

கண்ணால் எண்ணினால் எட்டு எழுத்து. டேட்டாபேஸ் எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'கி' என்றால் அதற்கு 'க' ஒன்று, கொக்கி ஒன்று. 'ர்' என்றால் புள்ளிக்கும் ஒன்று. மொத்தம் 15. புதிய டேபிளில் பெயருக்கு 12 போதும் என்று யாரோ வைத்துவிட்டார்கள். காப்பி என்பது ஒரே கட்டளை. ஒரு வரி தவறினால் அந்த டேபிளுக்கு ஒரு வரியும் சேராது. ஃபாரின் கீ என்பது, ஒரு பதிவு சுட்டும் ஆள் அல்லது பில் மற்ற டேபிளில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. வாடிக்கையாளர் இல்லாததால் அது பில்லை மறுத்தது; பில் இல்லாததால் ரசீதை மறுத்தது. பெயர் நெடுவரிசையின் அளவைக் கூட்டி மறுபடி ஓட்டியதும் மூன்று டேபிளும் நிறைந்தன.

இது அடிக்கடி நடக்கிறது. காரணம், போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளைகளை அனுப்பும் பிஎஸ்க்யூஎல் கருவி எரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். 'ஆன் எரர் ஸ்டாப்' அமைப்பைப் போட்டால்தான் முதல் எரரிலேயே நின்று, 3 என்ற குறியீட்டோடு வெளியேறும். நான் அதில்லாமல் எந்த இம்போர்ட்டையும் ஓட்டுவதில்லை. 'எக்கோ எரர்ஸ்' விருப்பத்தையும் சேர்த்தால் தோற்ற கட்டளை முழுதாகக் கண்முன் வரும். வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும்போது எரர் வெளியீட்டையும் சேர்த்துத் திருப்புங்கள். அது தனி வழியில் வருவதால், பலர் சேமித்து வைத்த லாக்கில் எரரே இருக்காது.

பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் சேர்ந்த ஒரு கட்டளை செல்லாது என்று ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறதா? அந்த வரிகளைப் படிக்கவே வேண்டாம். பெரும்பாலும் டேபிளே இல்லாமல் காப்பி தோற்றிருக்கும். அதற்குப் பின்னால் வரும் டேட்டாவைக் கருவி கட்டளைகளாக எண்ணிப் படித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளத்துக்கு மேலே, முதல் வரியில் உண்மையான காரணம் இருக்கும். 'டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கட்டளைத் தொகுதி) கைவிடப்பட்டது' என்று திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் கருவி தானாகவே முதல் எரரில் நின்று வரி எண்ணைச் சொல்லும். எரரைப் பொருட்படுத்தாமல் ஓடச் சொல்லும் 'ஃபோர்ஸ்' விருப்பத்தைப் போட்டு அந்த நல்ல குணத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம். டம்ப் ஃபைலில் (பழைய டேட்டாவைக் கட்டளைகளாக எழுதிவைத்த ஃபைல்) ஒரே வரியில் ஆயிரக்கணக்கான பதிவுகள் அடைந்திருந்தால் வரி எண்ணாலும் பயனில்லை. 'ஸ்கிப் எக்ஸ்டெண்டட் இன்செர்ட்' விருப்பத்தோடு டம்ப்பைப் புதிதாக எடுத்தால் பதிவுக்கு ஒரு கட்டளை கிடைக்கும். ஃபைலிலிருந்து டேட்டாவை நேராக ஏற்றும் 'லோட் டேட்டா லோக்கல்' கட்டளை இன்னும் ஆபத்து. பல எரர்களை வெறும் வார்னிங்காக மாற்றிவிட்டு ஓடும். ஓடி முடிந்த கையோடு 'ஷோ வார்னிங்ஸ்' கேளுங்கள். வார்னிங் இல்லை என்றாலும் இரண்டு பக்கத்து வரி எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். தோற்ற கட்டளையில் வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் அப்படியே இருக்கும். அந்த லாக்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவற்றை அழித்துவிடுங்கள்.