இரண்டு ஏக்கர் செம்பனைக்கும் லைசென்ஸ் வேண்டும்

டீசலில் செம்பனை எண்ணெய் கலக்கிறார்கள் என்பதும், ஐரோப்பா 2030-க்குள் அந்த எரிபொருளைக் கைவிடப் போகிறது என்பதும் மலேசியாவின் சுங்கை சிப்புட் காப்பிக் கடைகளில் அலசப்படும் விஷயம். செம்பனைப் பழக்குலையை விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் கம்பெனி தோட்டத்துக்கு" என்று கையை விரிப்பார்கள்.

அப்படியில்லை. எத்தனை ஏக்கர் இருந்தாலும் எம்பிஓபி என்கிற மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் லைசென்ஸ் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் எம்எஸ்பிஓ என்கிற நிலைத்தன்மைச் சான்றிதழும் கட்டாயம். 40.46 ஹெக்டேருக்குள் வைத்திருப்பவர்களை எம்பிஓபியே குழுவாகச் சேர்த்துச் சான்றிதழ் எடுத்துத் தருகிறது. ஏஜென்டுக்குப் பணம் அழ வேண்டாம்.

மாட்டிக்கொள்வது கெரானில், அதாவது நிலப் பத்திரத்தில்தான். தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், நிலம் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கும். பேரன் லைசென்ஸ் கேட்டால், பெயரை மாற்றிக்கொண்டு வா என்பார்கள். நில அலுவலகம் போனால், இறந்தவர் சொத்தைப் பங்கிடும் பூசாக்கா பிரிவைப் பார் என்பார்கள்; அது பெரும்பாலும் வேறு கட்டடம், சில நேரம் வேறு ஊர். அங்கே வாரிசுகள் எல்லோரும் விசாரணைக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வர முடியாதென்றால் அவருடைய சம்மதப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் எழுத்துப் பிழை. கெரானில் முனியாண்டி ஒரு விதம், அடையாள அட்டையான ஐசியில் ஒரு விதம், மகளின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதம். அன்று எழுதியது யாரோ ஒரு குமாஸ்தா, இன்று அலைவது நாம். மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டே முதல் நாள் போங்கள். கவுன்டரில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். திருப்பி அனுப்பும்போதுதான் சொல்வார்கள்.

கெரானில் "கெத்தா" என்று நிபந்தனை இருந்தால் அது ரப்பருக்குக் கொடுத்த நிலம். செம்பனை வைத்ததற்குக் கேள்வி வரும், அதையும் நில அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நிலவரி ரசீதும் புதியதாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் சலித்துப்போய், "என் லைசென்ஸில் போட்டுக்கிறேன்" என்று சொல்லும் வியாபாரியிடம் பலர் போகிறார்கள். அது சட்டவிரோதம். விலையிலும் கை வைப்பார். நாளைக்கு மறுநடவு உதவி கேட்கும்போது, குலை விற்றதாகக் காட்ட உங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு ரசீதிலும் உங்கள் எண் விழுந்திருக்கிறதா என்று லோரி கிளம்புவதற்குள் பாருங்கள்.