விடையைப் பார்த்து எழுதிய நெட்வொர்க்

எல்.டி. கன்வெர்ட்டர் என்பது உருகிய இரும்பில் ஆக்ஸிஜனை ஊதி எஃகாக்கும் உலை. அதில் ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒரு தடவை எஃகு காய்ச்சுவதற்கு, ஆக்ஸிஜன் ஊதும் நேரம் ஏறக்குறைய 15 முதல் 20 நிமிடம்தான். அதற்குள் உருகிய இரும்பில் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கார்பன் 0.05 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும்; சூடு 1650 டிகிரி பக்கம் வந்து நிற்க வேண்டும். சூடு குறைந்துபோனால் மறுபடி ஊத வேண்டும், அதாவது ரீப்ளோ. நேரமும் போகும், இரும்பும் எரிந்து கசடோடு போகும், உலையின் உட்செங்கல்லும் தேயும்.

ஊதி முடித்ததும் எடுக்கும் முதல் அளவீட்டில் சூடு எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல ஒரு நியூரல் நெட்வொர்க்கை, அதாவது பழைய பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கும் மென்பொருளை, பழக்கினோம். உருகிய இரும்பின் எடை, சூடு, சிலிக்கான், உலையில் சேர்க்கும் ஸ்கிராப் (பழைய இரும்பு), சுண்ணாம்பு, ஆக்ஸிஜன் எல்லாம் கொடுத்தோம். பழைய ஹீட்டுகளில் சோதித்தால் கணிப்பு அபாரம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உலைக்குக் கொண்டுபோன முதல் வாரமே சொதப்பியது.

அங்கிருந்த அனுபவசாலி ஆபரேட்டர் ஒருவர், "ஆக்ஸிஜனை மட்டும் கூட்டிப் பாருங்க சார்" என்றார். கூட்டினோம். கணிப்பு இறங்கியது! ஆக்ஸிஜன் கூடினால் கார்பனும் இரும்பும் கூடுதலாக எரிந்து சூடு ஏறத்தானே வேண்டும்? மனிதர் சிரித்துவிட்டார்.

தேடிப் பார்த்தால், பதிவில் இருந்தது ஹீட்டின் மொத்த ஆக்ஸிஜன். ரீப்ளோவுக்கு ஊதியதும் அதிலேயே சேர்ந்திருந்தது. மொத்தம் அதிகம் என்றால் முதலில் சூடு குறைவாக வந்திருக்கிறது என்று நெட்வொர்க் பிடித்துக்கொண்டது. கேள்வித்தாளோடு விடையையும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே கேள்வி: ஊதத் தொடங்கும்போது இது கையில் இருக்குமா? ஆக்ஸிஜனுக்கு, முதல் ஊதலுக்குத் திட்டமிட்ட அளவை மட்டும் வைத்தோம். சோதனைக்கும் ஹீட்டுகளைக் கலைத்துப் பிரிப்பதை விட்டு, பழைய மாதங்களில் பழக்கி அடுத்த மாதத்தில் பார்த்தோம். உலையில் வெப்பம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்க்கும் வெப்பச் சமன்பாட்டுக் கணக்கை அடித்தளமாக வைத்து, அதில் வரும் பிழையை மட்டும் திருத்துவது நெட்வொர்க்கின் வேலை என்றானது. காகிதத்தில் துல்லியம் குறைந்தது, உலையடியில் பயன்பட்டது.

இந்த மாதிரி மென்பொருளை விற்க வருபவர் துல்லியத்தைக் காட்டும்போது, ஒவ்வொரு எண்ணும் எந்த நிமிடத்தில் பதிவானது என்று கேளுங்கள். எங்களுக்கு ஸ்கிராப் எடையில் இன்னும் தகராறு இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரத்தையும் சேர்த்தல்லவா எடை போடுகிறோம்!