சித்திர எழுத்தும் அன்று, கருத்தெழுத்தும் அன்று

சீன மொழியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் ‘சீனர்களின் சித்திர எழுத்து’ என்ற தொடரைக் கூசாமல் எழுதிவிடுகின்றனர். சற்று மொழியியல் படித்தவராயின் அது ‘கருத்தெழுத்து’ (சொல்லையன்றிக் கருத்தையே காட்டும் எழுத்து) ஆகிவிடுகிறது. முன்னது அறியாமையால் நேர்ந்த பிழை. பின்னது ஐரோப்பியரின் பழைய பிழையைச் சரிபாராமல் தமிழாக்கியதால் நேர்ந்தது.

சீனர்கள் தம் எழுத்தை ஹான்-ட்ஸு என்பர். ஹான் என்பது மக்களின் பெயர். ட்ஸு என்பதன் வடிவம் கூரையின்கீழ் ஒரு குழந்தை. ஈனுதல், வளர்த்தல் என்பதே அதன் பழம்பொருள். கி.பி. 100இல் 9,353 எழுத்துகளுக்கு அகராதி எழுதி முடித்த ஷூ ஷென், தனி உருவங்களை ‘வென்’ என்றும், அவை கூடிப் பிறப்பனவற்றை ‘ட்ஸு’ என்றும் பிரித்தார்.

சித்திரம் என்பார்க்குச் சான்று இல்லாமல் இல்லை. சீனத்தின் ஆன்யாங் நகரில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1200 முதலான ஆமையோடுகளிலும் மாட்டெலும்புகளிலும் மலை மலையாகவும் மீன் மீனாகவுமே கீறப்பட்டுள்ளன. யாப்பருங்கல விருத்தி என்னும் பழைய இலக்கண உரை, ஓவியனின் கைவினைபோல எழுதப்படுவதை உருவெழுத்து என்கிறது. இவற்றுக்கு அந்தப் பழஞ்சொல்லே போதும், சித்திரம் என்னும் வடசொல் வேண்டியதில்லை. ஆனால் அந்த எலும்புகளிலேயே கோதுமைப் பயிரின் உருவம் ‘வா’ என்னும் வினைக்கு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு சொற்களும் ஒலியால் ஒத்திருந்தன என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இன்றுள்ள எழுத்துகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை ஒரு பொருட்குறியும் ஓர் ஒலிக்குறியும் சேர்ந்தவை. தாயைக் குறிக்கும் ‘மா’ என்பதில் பெண்ணின் குறி பொருளையும், குதிரையின் குறி ஒலியையும் தருகின்றன. குதிரைக்குச் சீனத்தில் ‘மா’ என்றே பெயர், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டுமே வேறு. (தமிழிலும் மா குதிரையைக் குறிக்கும். வேர்ச்சொல் ஆர்வலர்கள் இதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம், தற்செயல்தான்.) தாயை எழுதக் குதிரையை வரைவது எந்தச் சித்திரக் கலையில் சேர்ந்தது?

‘கருத்தெழுத்து’ இதனினும் தீங்கானது, கேட்க அறிவார்ந்ததுபோல் இருப்பதால். எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த சாம்போலியோன் 1822இல் கையாண்ட ஐரோப்பியச் சொல்லின் தமிழாக்கம் இது; அச்சொல்லைச் சீனத்துக்கும் பொருத்தினர். அது பொருந்தாது என்று அமெரிக்க மொழியியலாளர் தூ பொன்சோ 1838இலேயே மறுத்து எழுதினார். மொழியைச் சாராமல் கருத்தை மட்டும் காட்டுவது கருத்தெழுத்து எனின், 5 என்னும் எண்குறி அவ்வாறானது. ஐந்து என்றாலும் பாஞ்ச் என்றாலும் அதற்கு ஒன்றே. சீன எழுத்து அத்தகையதாயின், நாய் என்னும் ஒரு கருத்துக்கு ‘ச்சுவான்’, ‘கோவ்’ என்னும் இரு சொற்களும் தனித்தனி எழுத்துப் பெற்றிருப்பது ஏன்? ‘அவன்’ என்பதற்குப் பெய்ஜிங்கார் ‘தா’ என்பர், தென்சீனத்துக் கன்டோனியர் ‘கேய்’ என்பர்; கன்டோனியர் தம் பேச்சை எழுதும்போது தம் சொல்லுக்குரிய வேறோர் எழுத்தையே இடுகின்றனர். ஜப்பானியர் சீன எழுத்தைத் தம் சொல்லால் படிப்பதை எதிர்வாதமாகக் காட்டுவோர், தம் வினைமுடிபுகளையும் உருபுகளையும் எழுத அவர்கள் கனா என்னும் ஒலியெழுத்துகளை ஆக்கிக்கொள்ள நேர்ந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதப்படுவது கருத்து அன்று, சொல்.

ஆகவே சொல்லெழுத்து என்பதே தக்கது. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் ‘ஹூ-தியே’ இரண்டு எழுத்தாலான ஒரே சொல்லாயிற்றே என்று கேட்பது நியாயமே. இன்றைய சீனத்தில் பல சொற்கள் ஈரெழுத்தின என்பதும் உண்மை. அதனால் மொழியியல் நூல்களில் உருபனெழுத்து என்று எழுதலாம்; உருபன் என்பது பொருள்தரும் மிகச் சிறிய மொழிக்கூறு. அதன் இரண்டெழுத்தும் சேர்ந்தே ஓர் உருபன் ஆவதால், அதுவும் ‘ஹூ-தியே’யிடம் சற்றே இடறும். பழஞ்சீனத்தில் பெரும்பாலும் ஓரெழுத்து ஒருசொல்லாகவே இருந்தமையாலும், உருபன் என்றதும் பொதுவாசகர் வேற்றுமை உருபை நினைத்துக்கொள்வதாலும், மற்ற இடங்களுக்கு நான் சொல்லெழுத்தையே வேண்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழுக்கு 247 எழுத்து, சீனத்துக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் என்று ஒப்பிட்டு வியக்கின்றனர். 1716ஆம் ஆண்டின் காங்ஷி அகராதியில் 47,035 எழுத்துகள் உள்ளன என்பது மெய்; ஆயினும் சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில் உள்ளவை 8,105, அவற்றுள் முதல்நிலை 3,500 மட்டுமே. அன்றியும், தமிழிலக்கணத்தில் எழுத்து என்பது முதலில் ஒலி. ஒப்பிட வேண்டுமாயின் அந்த 47,035ஐத் தமிழ் அகராதியின் சொற்களோடு ஒப்பிட வேண்டும், நெடுங்கணக்கோடு அன்று.