'வேண்டியவர்' என்று ஒரு சொல்

போன மாதம் பாம்பனிலிருந்து ஒரு அக்கா ராமநாதபுரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். ஐஸ் கம்பெனி ரசீது. அதன் பின்பக்கம், '40,000 பெற்றுக்கொண்டேன்' என்று பேனாவில் ஒரு வரி. தேதி இல்லை, எதற்கு என்றும் இல்லை. மகனுக்கு அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் வாங்கிய பணம்.

"தரகரா?" என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தரகரெல்லாம் இல்ல சார். மேலிடத்துக்கு வேண்டியவரு."

வக்கீலாக நான் அதிகம் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். தரகர் என்பது நம் கடற்கரையில் கேவலமான சொல் இல்லை. விடியற்காலையில் படகு கரை சேர்ந்ததும், கூடைமீனுக்கு நாலு பேர் முன்னால் விலை பேசி முடித்து, இன்ன கமிஷன் என்று சொல்லி வாங்குகிறாரே, அவரும் தரகர்தான். அவர் செய்வது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

செய்தித்தாள்களில் 'லாபி' என்று வருவது வேறு. சட்டமன்றக் கூடத்துக்கு வெளியே, உறுப்பினர்களைப் பொதுமக்கள் சந்திக்கிற முன்கூடத்தின் பெயர் அது. அங்கே போய்த் தங்கள் தரப்பைச் சொன்னவர்களுக்கு லாபியிஸ்ட் என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் 1995-ல் வந்த சட்டப்படி, யாருக்காகப் பேசுகிறோம், எவ்வளவு பணம் என்று அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், டீசல் மானியத்துக்காகக் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கிற மீனவர் சங்கத்துக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அது அவர் உரிமை. அவரைப் போய் 'புரோக்கர்' என்று டீக்கடையில் பேசுகிறோம். நாற்பதாயிரம் வாங்கியவரை 'வேண்டியவர்' என்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சட்டத்தின் பார்வையில் அந்த 'வேண்டியவர்' யார்? 1988-ம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 7ஏ பிரிவைப் பாருங்கள். தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அரசு ஊழியரை முறைகேடாக ஒரு காரியம் செய்ய வைக்கிறேன் என்று பணம் வாங்கினால், 3 முதல் 7 வருடம் சிறை, அபராதம். கொடுப்பதும் குற்றம்தான். வற்புறுத்தலால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிலோ போலீசிலோ சொல்லிவிட்டால் தப்பலாம். அக்கா வந்தது ஐந்து மாதம் கழித்து.

சரி, வழக்குப் போட்டுப் பணத்தையாவது வாங்கலாமா? அதுவும் மிகவும் கஷ்டம். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் 23-ம் பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: அரசு வேலை வாங்கித் தர ஒருவர், அதற்கு 1,000 ரூபாய் தர இன்னொருவர் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஏமாற்றியதாகப் புகார் கொடுக்கலாம், ஆனால் பணம் எதற்குக் கொடுத்தீர்கள் என்ற கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும் என்று மறைக்காமல் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஸ்டேஷன்ல உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

"வேண்டாம்க்கா, நாமே எழுதுவோம்" என்று வெள்ளைத்தாளை எடுத்தேன். முதலில் அந்த ஆளின் பெயரைச் சொல்லச் சொன்னேன்.