அனுப்பும் முன் மூளை போடும் கணக்கு

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் ஏழாண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கும் என் அக்காள் மகள், சென்ற மாதம் ஒரு பொறியாளர் பதவிக்கான இணையப் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டு, மூன்று இரவுகள் அனுப்பாமலே வைத்திருந்தாள். கேட்கப்பட்ட எட்டுத் தகுதிகளில் ஆறு அவளிடம் இருந்தன. அவள் கண்ணில் நின்றவையோ இல்லாத இரண்டுதான். "கூப்பிட்டுட்டா என்ன பண்றது மாமா?" என்று அவள் கேட்டபோதுதான், நிராகரிப்பைவிட அழைப்புக்கே அவள் அதிகம் அஞ்சுகிறாள் என்று புரிந்தது.

இந்த அச்சத்தை அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் விவரித்தனர். பெரும் சாதனை புரிந்த பெண்கள் பலர், வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலோ பிறரது தவறான மதிப்பீட்டின் கணக்கிலோ எழுதிவிட்டு, தம் 'குட்டு' என்றாவது வெளிப்படும் என்று பயந்துகொண்டிருந்தனர். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. இது நோயன்று, வரவு ஒரு பேரேட்டிலும் செலவு இன்னொன்றிலும் ஏறும் கணக்குப் பிசகு. கண்பட்டுவிடும் என்று பிள்ளையின் மதிப்பெண்ணைக்கூட அடக்கிச் சொல்லும் நம் வீடுகளில் இந்தப் பிசகு எளிதில் வேரூன்றுகிறது என்பது என் எண்ணம்.

'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், உடலின் அப்போதைய நிலை ஆகிய நான்கில் முதலாவதே வலிமை மிக்கது என்றார் அவர். நான் வாய் வலிக்கப் பாராட்டியும் அவள் தலையாட்டியதோடு நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பாராட்டை நிறுத்திவிட்டு, கடந்த ஓராண்டில் அவள் தீர்த்த சிக்கல்களை எழுதச் சொன்னேன். நல்ல சில்லுகளையே பழுதென்று ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு சோதனை இயந்திரத்தில், கோளாறு சில்லில் இல்லை, சோதனைக்காகச் சில்லைப் பொருத்தும் அழுக்கேறிய சாக்கெட்டில்தான் என்பதை இரவு ஷிஃப்டில் கண்டுபிடித்தது அவள். "அது சும்மா லக்கு மாமா" என்றாள். அழுக்கு என்று முதலில் ஏன் சந்தேகித்தாய் என்று கேட்டதும், எந்தெந்த சாக்கெட்டில் எத்தனை சில்லுகள் தவறின என்று தான் ஒப்பிட்ட விதத்தைப் பத்து நிமிடம் விளக்கினாள். கலங்கிய மனம் அந்தக் கலக்கத்துக்கு ஒத்த நினைவுகளையே முதலில் எடுத்துத் தருவதால், இத்தகைய சான்றுகள் தாமாக மேலே வருவதில்லை, எழுதினால்தான் வருகின்றன.

உடலின் பங்கும் உண்டு. மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தென்று அறிவித்ததும் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. யோசிக்கும்போது தகவலைக் கையில் வைத்திருக்கும் செயல்நினைவின் இடத்தைக் கவலைகள் அடைத்துக்கொள்ள, தெரிந்த பதிலும் நாவுக்கு வருவதில்லை. படபடப்பை அடக்க முயன்றவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சிலும் கணக்கிலும் சிறப்பாகச் செய்ததை ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார். இரண்டு உணர்வுகளிலும் இதயத்துடிப்பு ஒன்றுதான் என்பதால், பெயரை மாற்றுவது உடலை அமைதிப்படுத்துவதைவிட எளிது.

நான்காம் நாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்தே படிவத்தை அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த சாக்கெட் விவகாரம் அதில் இரண்டு வரியாக இடம்பெற்றிருந்தது.